மனத்தை அளக்க எந்தக் கோல்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கிலோ அரிசி ஸ்கூடாயிலும் ஒரு கிலோதான். சிகாமட்டிலும் ஒரு கிலோதான். கடைக்காரர் மாறலாம், தராசு மாறலாம், எடை மாறாது. ஆனால், "அரசாங்கச் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?" என்று கேட்டால், அந்தத் திருப்தியை எந்தத் தராசில் வைப்பது? குளுவாங்கில் ஒருவர் "பரவாயில்லை" என்கிறார். மூவாரில் இன்னொருவரும் "பரவாயில்லை" என்கிறார். இரண்டு பேருடைய மனமும் ஒரே எடையா?

இது பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகைக் காரில் இறங்கியவுடன் கைத்தொலைபேசி நட்சத்திரம் கேட்கிறது. முகப்பிடத்தில் வேலை முடிந்ததும் சிரித்த முகமா, வாடிய முகமா என்று ஒரு கருவி கேட்கிறது. தேர்தல் நெருங்கினால் வீட்டுக்கு அழைப்பு வருகிறது. இந்தப் பதில்கள் எல்லாம் எண்ணாக மாறி, விழுக்காடாக மாறி, கடைசியில் "மக்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள்" என்ற தீர்ப்பாக வெளிவருகின்றன.

ஜொகூர் மக்கள் இதற்குப் புதியவர்கள் அல்லர். 2017-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ஐசியஸ் – யூசோப் இஷாக் ஆய்வுக் கழகம் ஜொகூரை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு கருத்தாய்வு நடத்தியது. சுமார் 2,000 பேரிடம் தொலைபேசி வழியாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. மாநில ஆட்சி, பொருளாதாரம், இஸ்கண்டார் திட்டம், சிங்கப்பூர், சமயம், அரண்மனை என்று பல விஷயங்களில் ஜொகூர்வாசிகளின் மனப்போக்கு பதிவு செய்யப்பட்டது. 40 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் மனத்தை 2,000 பேரைக் கேட்டே சொல்லிவிட முடியுமா? முடியும். ஆனால் எந்த அளவுக்கு முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் எல்லாம் ஒரே எண்ணா?

1946-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், அளவைகளை நான்கு வகையாகப் பிரித்தார். ஜொகூர் பாருவிலிருந்தே அதற்கு உதாரணம் சொல்லலாம்.

முதல் வகை, பெயருக்காக மட்டும் வரும் எண். சிங்கப்பூர் எல்லையைத் தாண்டும் பேருந்துகளில் 160-ஆம் எண்ணும் உண்டு, 170-ஆம் எண்ணும் உண்டு. 170 பெரிய எண் என்பதற்காக அந்தப் பேருந்து உசத்தி ஆகிவிடாது. இரண்டாம் வகை, வரிசையைச் சொல்லும் எண். பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம். யார் முந்தினார் என்பது தெரியும். எவ்வளவு தூரம் முந்தினார் என்பது தெரியாது. மூன்றாம் வகையில் இடைவெளிகள் சமம். 20 பாகையிலிருந்து 25 பாகைக்கும், 25-லிருந்து 30-க்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஒன்றே. ஆனாலும் 30 பாகை என்பது 15 பாகையைப் போல் இரண்டு மடங்கு சூடு அல்ல. நான்காம் வகையில்தான் உண்மையான பூஜ்யம் உண்டு. எடை, தூரம், பணம் எல்லாம் இந்த வகை. 4,000 வெள்ளிச் சம்பளம் 2,000 வெள்ளிச் சம்பளத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். "மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி" என்ற ஐந்து கட்டங்களும் எந்த வகை? வரிசை இருக்கிறது; ஐயமில்லை. ஆனால் 'திருப்தி'யிலிருந்து 'மிகவும் திருப்தி'க்குப் போகும் தூரமும், 'நடுநிலை'யிலிருந்து 'திருப்தி'க்குப் போகும் தூரமும் சமமா? யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படியிருந்தும் 5, 4, 3, 2, 1 என்று எண் கொடுத்து, கூட்டி, வகுத்து, "சராசரி 3.7" என்று அறிவிக்கிறார்கள். விளையாட்டுப் போட்டியின் வரிசை எண்ணை அரிசி எடை போல் கூட்டுகிற வேலை இது. இது சரியா, தவறா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோல் பிறந்த கதை

மனத்தை அளக்கும் முயற்சி 1920-களில் அமெரிக்காவில் சூடு பிடித்தது. அங்கே பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். ஓர் இனத்தவர் மற்ற இனத்தவரை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார் என்று அறிய, போகார்டஸ் என்ற சமூகவியலாளர் ஏழு படிகள் அமைத்தார். இந்த இனத்தவரைத் திருமண உறவாக ஏற்பீர்களா? சங்கத்தில் நண்பராக ஏற்பீர்களா? உங்கள் தெருவில் அண்டை வீட்டாராக? வேலையிடத்தில் சக ஊழியராக? குடிமகனாக? வெறும் சுற்றுப்பயணியாக? அல்லது நாட்டுக்குள்ளேயே வரக்கூடாதா?

மலேசியருக்கு இந்தப் பட்டியலை விளக்கவே தேவையில்லை. வேலையிடத்தில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர், திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர், தம் வீட்டை வாடகைக்கு விடும்போது மட்டும் "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்தில் போடுகிறார். அந்த மனம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் போகார்டஸின் கோல் உடனே காட்டிவிடும்.

அடுத்து வந்தவர் தர்ஸ்டன். "மனப்போக்குகளை அளக்க முடியும்" என்ற தலைப்பிலேயே 1928-இல் கட்டுரை எழுதியவர். தேவாலயத்தைப் பற்றிய மனப்போக்கை அளக்க, சேவ் என்பவரோடு சேர்ந்து 130 வாக்கியங்களைத் திரட்டினார். 300 பேரை அழைத்து, ஆதரவு, எதிர்ப்பு என்ற அளவின்படி 11 குவியல்களாகப் பிரிக்கச் சொன்னார். எல்லாரும் ஏறக்குறைய ஒரே குவியலில் வைத்த வாக்கியங்களாகப் பார்த்து 45-ஐ எடுத்துக்கொண்டார். 1929-இல் அது நூலாக வெளிவந்தது. கவனமான வேலைதான். ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் 300 பேரை எங்கே தேடுவது?

அந்தச் சுமையை இறக்கி வைத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். 1932-இல் கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வில்தான் இன்று உலகமே பயன்படுத்தும் ஐந்து கட்டங்கள் வந்தன. வாக்கியங்களைக் கொடு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்பாடு என்று கேள், 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடு, கூட்டு. நடுவர்கள் வேண்டாம். தர்ஸ்டன் முறையில் கிடைத்த முடிவுக்கு நெருக்கமான முடிவு குறைந்த உழைப்பில் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லிக்கர்ட் சொன்னது பல வாக்கியங்களின் கூட்டுத்தொகை. பத்து வாக்கியங்கள் ஒரே மனப்போக்கைப் பத்துப் பக்கமிருந்து தொட்டுப் பார்க்கும். ஒன்றில் நேரும் பிழையை மற்றொன்று சரிசெய்யும். இன்றோ ஒரே ஒரு கேள்விக்கு ஐந்து கட்டம் போட்டுவிட்டு, அதையும் லிக்கர்ட் அளவுகோல் என்று எழுதுகிறார்கள். ஸ்கூடாயிலும் பத்து பகாட்டிலும் பட்டப்படிப்புக்காகக் கேள்வித்தாள் தயாரிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

பிறகும் பல கோல்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ ஆய்வில் பணியாற்றிய கட்மன், கடினமான படியை ஏற்றவர் அதற்குக் கீழுள்ள எல்லாப் படிகளையும் ஏற்றிருக்க வேண்டும் என்ற முறையில் கேள்விகளை அடுக்கினார். ஓஸ்குட் 1957-இல் 'நல்லது – கெட்டது', 'வலியது – மெலியது' என்று எதிர்ச்சொற்களை இரு முனையில் வைத்து, நடுவே ஏழு இடம் விட்டார். கேன்ட்ரில் என்பவர் ஓர் ஏணியைக் காட்டினார். மேல்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. கீழ்ப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவது இந்த ஏணிதான்.

ஏணியிலும் ஒரு சிக்கல் உண்டு. பாசீர் கூடாங்கில் வேலை செய்யும் ஒருவர் தம் அண்ணன் சம்பளத்தோடு ஒப்பிட்டு 7 என்கிறார். அதே வருமானமுள்ள பக்கத்து வீட்டுக்காரர், தினமும் பாலம் கடந்து போகும் நண்பரின் சிங்கப்பூர் வெள்ளியோடு ஒப்பிட்டு 4 என்கிறார். வருமானம் ஒன்றுதான்; மேல்படி எது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு.

"பரவாயில்லை" எந்தக் கட்டத்தில்?

மலாயில் 'சங்காட் செத்துஜு' என்று அச்சிட்டிருப்பதைத் தமிழில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் எந்த வீட்டில் யார் 'உடன்படுகிறேன்' என்று பேசுகிறார்கள்? தொலைபேசியில் கேட்கிறவர், "ஒத்துக்கிறீங்களா?" என்று பேச்சு வழக்கில் கேட்பார். தமிழில் 'ஒத்துக்கொள்வது' என்றால் மனமில்லாமல் விட்டுக்கொடுப்பதும் ஆகும். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஆகும். கேள்வி அங்கேயே திசை மாறிவிடுகிறது.

'பரவாயில்லை' அதைவிடச் சிக்கல். "சாப்பாடு எப்படி?" என்றால் "பரவாயில்லையே!" என்பது பாராட்டு. "மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்களாமே?" என்றால் "பரவாயில்லை, என்ன செய்றது" என்பது சலிப்பு. கேள்வி கேட்பவர் இரண்டையும் நடுக்கட்டத்தில் போட்டுவிட்டால், சலித்துப் போனவரின் குரல் நடுநிலையாகப் பதிவாகிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் ஒருவரைத் தமிழாக்கம் செய்யச் சொல்லி, இன்னொருவரை அதைத் திரும்ப மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றச் சொல்லி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

பெரியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. படித்த பிள்ளை கேட்கிறதே, மறுத்துப் பேசக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுவது. இது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. "இந்த வட்டாரத்தில் பேருந்து வசதி போதுமானது" என்று ஒரு வாக்கியம் வைத்தால், சற்றுத் தள்ளி "இங்கே பேருந்துக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றை வைப்பது. இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால், அந்தப் பதிலை அப்படியே நம்ப முடியாது.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். இனம் பற்றிய கேள்வியை அதே இனத்தவர் கேட்டால் ஒரு பதில்; வேறு இனத்தவர் கேட்டால் பண்போடு பூசி மெழுகிய ஒரு பதில். மூன்று இனமும் கலந்து வாழும் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

சராசரிக்குள் மறையும் உண்மை

இரண்டு அடுக்குமாடிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்துப் பத்துப் பேரிடம், குப்பை அகற்றும் சேவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கப்படுகிறது. முதல் அடுக்குமாடியில் பத்துப் பேரும் 3 என்கிறார்கள். இரண்டாவதில் முன்புறம் குடியிருக்கும் ஐந்து பேர் 5 கொடுக்கிறார்கள். குப்பை லாரி எட்டிப் பார்க்காத பின்புறத்து ஐந்து பேர் 1 கொடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சராசரி 3.

அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றே. பின்புறத்து வீடுகளின் நாற்றம் அந்த எண்ணில் வீசாது. ஆகவே சராசரியை மட்டும் சொல்லும் எந்த அறிக்கையையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கு வந்தால்தான் பின்புறத்து வீடுகள் கண்ணில் படும்.

140 பேரின் குரல்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. மாதிரி எடுத்து ஆராயும் முறையின் சாரம் இதுதான். ஆனால் பானையில் ஒரே அரிசி, ஒரே தீயில் வெந்திருந்தால்தான் ஒரு சோறு போதும். மூன்று வகை அரிசி கலந்திருந்தால் ஒவ்வொன்றிலும் போதிய பருக்கைகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜொகூர் மக்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். 2,000 பேரிடம் கருத்துக் கேட்டு, அதே விகிதத்தில் ஆள் எடுத்தால், அதில் இந்தியர்கள் 140 பேர். 2,000 பேரை வைத்துச் சொல்லும் விழுக்காடு, மாதிரி எடுப்பதனால் மட்டுமே இரண்டு புள்ளி அப்படி இப்படி இருக்கலாம். 140 பேரை வைத்துச் சொன்னால் எட்டுப் புள்ளி. அந்த 140-ஐ ஆண், பெண் என்று பாதியாகப் பிரித்தால் பன்னிரண்டு புள்ளி.

இதன் பொருள் என்ன? "ஜொகூர் இந்தியப் பெண்களில் 55 விழுக்காட்டினர் திருப்தி" என்று ஒரு செய்தி வந்தால், உண்மை 43-ஆகவும் இருக்கலாம், 67-ஆகவும் இருக்கலாம். பெரும்பான்மை திருப்தியா, அதிருப்தியா என்பதையே அந்த எண் சொல்லவில்லை! பெரிய சமூகத்தைப் பற்றிச் சொல்ல உதவும் அதே ஆய்வு, சிறிய சமூகத்தைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறுகிறது. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இந்தியர்களை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக் கேட்டு, மொத்தக் கணக்கில் அவர்களுக்குரிய விகிதத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். இது ஆய்வாளர்கள் நன்கறிந்த முறை. ஆனால் செலவு கூடும். அந்தச் செலவைச் செய்யும்படி கேட்க வேண்டியவர்கள் சமூக இயக்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும்தான்.

இன்னொரு சிக்கல் தொலைபேசியிலேயே இருக்கிறது. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து, தெரியாத எண் என்றால் பலர் எடுப்பதே இல்லை. பணி நேரம் மாறி மாறி வரும் தொழிற்சாலை ஊழியர், விடியுமுன் சிங்கப்பூருக்குக் கிளம்பி இரவில் திரும்புகிறவர் ஆகியோரின் குரல் கிடைப்பது அரிது. கிடைக்காதவரின் கருத்து கிடைத்தவரின் கருத்தைப் போலவேதான் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சொல்வதும் செய்வதும்

கோல் சரி, மொழிபெயர்ப்பு சரி, ஆள் எண்ணிக்கையும் சரி என்றே வைத்துக்கொள்வோம். மனிதர் சொன்னபடி நடப்பாரா?

1930-களின் தொடக்கத்தில் லாபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஒரு சீனத் தம்பதியரோடு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். சீனர் மீது வெறுப்பு நிலவிய காலம் அது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். இடமில்லை என்றது ஒரே ஓர் இடம்தான். சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனரை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் எழுதியவை 128. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் "ஏற்க மாட்டோம்" என்றன! இதை அவர் 1934-இல் வெளியிட்டார்.

அங்கே வாயில் வெறுப்பு, செயலில் வரவேற்பு. இது தலைகீழாகவும் நடக்கும். "ஆள் எடுக்கும்போது இனம் பார்ப்பீர்களா?" என்று மலேசிய நிறுவனங்களைக் கேட்டால் 'ஆம்' என்று கட்டத்தில் குறியிடுபவர் யார்? அதனால்தான் லீ ஹ்வோக் ஆவ்ன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு மலேசிய ஆய்வாளர்கள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் தொடக்கநிலைக் கணக்கியல், பொறியியல் வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு, மலாய்ப் பெயர்களுக்கு 4.2 விழுக்காடு. அந்த ஆய்வு இந்த இரு இனங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. எந்த ஐந்து கட்டக் கேள்வித்தாளும் வெளியே கொண்டு வந்திருக்க முடியாத உண்மை அது.

தேர்தலும் ஒரு சாட்சி. 2018 மே 8, வாக்களிப்புக்கு முதல் நாள், மெர்டேக்கா மையம் தன் கணிப்பை வெளியிட்டது. 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணிக்கு 100, பக்காத்தான் ஹராப்பானுக்கு 83, பாஸ் கட்சிக்கு 2. மீதி 37 இழுபறி. மறுநாள் தேசிய முன்னணி 79 இடங்களோடு நின்று ஆட்சியை இழந்தது. சுதந்திரம் பெற்ற நாள் முதல் அதன் கோட்டையாக இருந்த ஜொகூரிலும், 56 சட்டமன்றத் தொகுதிகளில் 36-ஐ பக்காத்தான் வென்றது. கணித்தவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்லர். 37 இடங்களைச் சொல்ல முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கடைசி வரை மனத்தைத் திறக்காதவர்களின் மனத்தை எந்தக் கோலும் அளக்காது.

கேள்வித்தாள் கைக்கு வந்தால்

அப்படியானால் இந்தக் கருத்தாய்வுகளை எல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கருத்தாய்வே இல்லாவிட்டால், உரக்கக் கத்துகிறவரின் கருத்தே ஊரின் கருத்து ஆகிவிடும். வெளியே வந்து பேசாத தாய்மார்கள், கூட்டத்துக்கு வராத இளைஞர்கள், எஸ்டேட்டை விட்டு நகரத்துக்கு வந்து அடுக்குமாடியில் முடங்கிப்போன முதியவர்கள் ஆகியோரைத் தேடிப் போய்க் கேட்கும் ஒரே வழி அதுதான். குறையுள்ள தராசு என்று தெரிந்து, குறையின் அளவும் தெரிந்தால், அதைக் கொண்டு நிறுக்கலாம்.

செய்தித்தாளில் ஒரு விழுக்காடு வந்தால், ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்ட கேள்வி சொல்லுக்குச் சொல் என்ன? எந்த மொழியில் கேட்டார்கள்? எத்தனை பேரை, எந்த வழியில் தேடிப் பிடித்தார்கள்? அதில் நம்மவர் எத்தனை பேர்? சராசரியை மட்டும் சொல்கிறார்களா, ஒவ்வொரு கட்டத்தின் கணக்கையும் தருகிறார்களா? ஐந்துக்கும் பதில் இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட வேண்டாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, ஆலய நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரித்தால், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். "வகுப்பறையும் சிற்றுண்டிச்சாலையும் சுத்தமாக உள்ளன" என்று எழுதினால், ஒன்று சுத்தம், மற்றது அழுக்கு என்பவர் எங்கே குறியிடுவார்? பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'கருத்து இல்லை' என்பதற்கும் 'நடுநிலை' என்பதற்கும் தனித்தனிக் கட்டம் கொடுங்கள். அச்சடிப்பதற்கு முன் பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

பதில் சொல்லும் இடத்தில் இருக்கும்போதும் ஒரு பொறுப்பு உண்டு. அழைப்பது உண்மையான ஆய்வு நிறுவனம்தானா என்று முதலில் விசாரியுங்கள். அடையாள அட்டை எண்ணோ வங்கி விவரமோ கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். கருத்தாய்வுக்கு அவை தேவையே இல்லை. உண்மையான ஆய்வு என்று தெரிந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தமிழில் கேட்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. திருப்தி இல்லை என்றால் 'பரவாயில்லை' என்று சொல்லாமல், 'திருப்தி இல்லை' என்றே சொல்லுங்கள்.

ஜொகூரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக 140 பேர் பேசுகிறார்கள் என்றால், ஒவ்வொருவர் பதிலுக்குப் பின்னாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்கிறார்கள். ஒருவர் அழைப்பைத் துண்டித்தாலும், அலுப்பில் எல்லாவற்றுக்கும் 3 என்று சொன்னாலும், அத்தனை பேரின் கணக்கும் சேர்ந்தே தவறிப்போகும்.